சத்தம் போடாத கெப்

கொழும்பு பதின்மூன்றில், அதாவது கொட்டாஞ்சேனையில், பிறந்து வளர்ந்த எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, கையில் காசே இல்லாமல் ஒரு வண்டியை வீடாக மாற்றத் தெரிந்தவன் யார் என்று கேட்டால், ஒருவர் மட்டும்தான் முன்னால் வருவார். வந்ததோடு நிற்கமாட்டார். நீங்கள் ஏறி நின்று கேள்வி கேட்ட பலகையைக் கழற்றித் தரமுடியுமா என்று விசாரிப்பார். அவர்தான் படங்கு அண்ணன்.

அவரைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் கோபம். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் ஒரு டபுள் கெப், அதுதான் பின்னால் திறந்த பெட்டி வைத்த பிக்கப், நின்றது. கூரையில் மடித்துவைத்த கூடாரம். ஆற்றுக்குள் இறங்கினாலும் மூச்சுவிட யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய். நெற்றி முழுக்க லைட். பக்கத்தில் ஒரு மண்வெட்டி, அதில் கடைக்காரன் ஒட்டிய விலைத்துண்டு இன்னும் உரியவில்லை. சொந்தக்காரர் உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு கொத்து ரொட்டி சாப்பிட்டார். எங்கே கேம்பிங் போய்விட்டு வருகிறீர்கள் தம்பி என்று கேட்டேன்.

"இன்னும் எங்கயும் போகேல்ல அங்கிள். ஷொக் அப்சோபர் மாத்தினாப் பிறகுதான்" என்றார்.

சீ என்று போய்விட்டது. படங்கு அண்ணன் அங்கே நின்றிருந்தால் அந்த மண்வெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்ச எல்லாவற்றையும் ஐயோ பாவம் என்று பார்த்திருப்பார்.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய கிளியரிங் கந்தோரில் அவரும் நானும் செல்வா என்கிற செல்வராஜும் வேலை செய்தோம். துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். பாதி நாள் சுங்கத்தில் கால் கடுக்க நிற்போம், மீதி நாள் ஒருகொடவத்தைக் கண்டெய்னர் யார்டில் வெயிலில் காய்வோம். நானும் செல்வாவும் யார்டுக்குப் போனால் தலையிடியோடு திரும்புவோம். படங்கு அண்ணன் போனால் இரண்டு கையிலும் சாமானோடு திரும்புவார். சரக்கு இறக்கியபின் யாருக்கும் வேண்டாம் என்று எறிகிற பொருள்தான் அவருடைய சுப்பர்மார்க்கெட். கட்டிய பெல்ட், முட்டுக்கொடுத்த மரம், ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம், எல்லாம் அங்கே உள்ளவர்களைக் கேட்டு, சிரித்து, சிங்களத்தில் பகிடி விட்டுத்தான் வாங்குவார். ஒரு நாளும் ஒளித்து எடுத்ததில்லை.

படங்கு என்றால் லொறியின் மேல் கட்டுகிற தார்ப்பாய். அந்தப் பெயர் வந்த கதை இது. ஒரு மழை நாளில் கந்தோர்க் கூரை ஒழுகி, மனேஜரின் மேசையிலிருந்த சரக்குப் பத்திரங்களில் தண்ணீர் சொட்டியது. நாங்கள் வாளி தேடி ஓடினோம். இவர் ஒரு லொறிப் படங்கை இழுத்து வந்து மேசையை மூடினார். நல்லது. ஆனால் மேசைக்குப் பின்னால் மனேஜர் உட்கார்ந்திருந்தார். அவரையும் சேர்த்து மூடிவிட்டு, நான்கு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிவிட்டார்.

"என்னையும் ஏன் கட்டினீர் மனுசா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஓரம் காத்துக்கு எழும்பும் சேர். நீங்க கொஞ்சம் பாரமா இருங்க" என்றார் இவர். மழை விடும்வரை மனேஜர் பாரமாகவே இருந்தார்.

இவரிடம் முன்னால் இரண்டு பேர் மட்டும் ஏறுகிற ஒரு சிங்கிள் கெப் இருந்தது. நீலம் என்று பத்திரத்தில் போட்டிருந்தது. அதில் ஏறிக் காட்டுக்கும் கடலுக்கும் போய் இரண்டு நாள் கிடந்து வருவதுதான் அவருக்கு உலகம். அவருடைய மனைவி பிலோமினாக்கா ஒருநாளும் கூடப் போனதில்லை. அக்காவின் உலகம் வேறு. அவர்களுடைய வீடு துறைமுகத்துக்குப் போகிற பாதையோரம். கண்டெய்னர் லொறி விடிய விடிய ஓடும். ஒவ்வொரு லொறிக்கும் ஜன்னல் அதிரும், அக்கா எழும்புவார். மகள் கலியாணம் முடித்து அவுஸ்திரேலியா போனதிலிருந்து அந்தக் குட்டித் தூக்கமும் போய்விட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்து, பகலில் சோற்றுச் சட்டிக்கு முன்னால் நின்றபடியே சாமி ஆடுவதுபோல் ஆடுவார்.

ஒருநாள் வீட்டுக் கூரையும் ஒழுகியது. அன்றைக்குத்தான் விஷயம் வெடித்தது. நானும் செல்வாவும் அந்த நேரம் பார்த்து அங்கே தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தோம்.

"வீட்டுக்குக் கூரை இல்ல, இவர் வண்டிக்குக் கூரை போடுறார்" என்றார் அக்கா எங்களைப் பார்த்து. "மட்டக்குளியில என்ர தம்பி மீன் ஏத்த ஒரு கெப் தேடுறான். அவனுக்கே குடுத்திட்டு கூரை ஓடு மாத்துவம்."

"மீனா?" படங்கு அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளையைக் கசாப்புக் கடைக்குக் கேட்டதுபோல் இருந்தது. "பிலோ, நீர் ஒருக்காவாவது அதுல வந்து படுத்துப் பாத்தனீரா? அங்க வந்தா நித்திரை எப்பிடி வரும் தெரியுமா?"

"நித்திரையா?" அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு இளக்காரம் இருந்தது. "சரி. நான் ஒருக்கா வாறன். அந்த வண்டிக்குள்ள கண் முழிக்காம ஒரு நாலு மணித்தியாலம் படுத்தனெண்டா கெப் நிக்கட்டும். இல்லாட்டி அடுத்த நாளே மீனுக்குப் போகும். இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

"சத்தியமா?"

"அன்னம்மா மேல சத்தியம்."

அந்த அன்னம்மா, சிலாபத்துக்கும் அப்பால் தலவில கோயிலில் இருக்கிற புனித அன்னம்மாள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் திருவிழாவுக்குத் தலவிலைக்குப் போய், கடற்கரை மணலில் கொட்டில் போட்டுக் குடும்பம் குடும்பமாகக் கிடப்பார்கள். எங்களுக்குக் கேம்பிங் என்ற சொல் வருவதற்கு முன்பே கேம்பிங் தெரியும். ஆகவே இடம் தலவில என்று முடிவாயிற்று. ஆனால் திருவிழா நேரம் ஆட்களும் பாட்டும் இருக்கும் என்பதால், ஒரு சனமும் இல்லாத மாதத்தில் போவதென்று இவர் திட்டம் போட்டார். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நாங்களும் நினைத்தோம்.

இனி வண்டியைத் தயார் செய்ய வேண்டும். கையிலிருந்தது தீபாவளிக்குக் கந்தோர் கொடுத்த போனஸ் மட்டும். கத்தோலிக்கருக்கும் தீபாவளி போனஸ்தான். எதை வாங்குவது, எதை விடுவது என்று கந்தோருக்கு முன்னாலிருந்த தேத்தண்ணிக் கடையில் மாநாடு நடந்தது.

"மண் பாதை அண்ணே. பெரிய டயர் போடுங்க" என்றான் செல்வா.

"மண்ணில புதைஞ்சா தள்ள நீங்க ரெண்டு பேர் இருக்கிறீங்கதானே."

"லைட் போடுங்க, வழி தெரியும்" என்றேன் நான்.

"தலவிலைக்கு நான் அம்மாட வயித்துக்குள்ள இருக்கேக்கயே போனனான். எனக்கு வழி காட்ட நீ லைட் போடப் போறியா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய ரகசியம் சொல்வதுபோல் மேசைக்கு மேலே குனிந்தார். "அவளுக்கு நித்திரையைக் கெடுக்கிறது என்ன? சத்தம். நான் சத்தத்தைக் கழட்டப் போறன். இந்த வண்டியில ஒரு ஆணி கூட மூச்சு விடாது."

சொன்னதைச் செய்தார். பின்னேரங்களில் சட்டையைக் கழற்றிவிட்டு, கெப்பின் பின்பெட்டியில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, கையால் தட்டித் தட்டிக் கேட்பார். எங்கே கிறீச் என்றதோ அங்கே ரப்பர். ரப்பருக்குக் காசா? பக்கத்துக் கோவில் திருவிழா முடிந்து, வாசலில் ஆள் தேடாமல் கிடந்த ஒற்றைச் செருப்புகளைக் கேட்டு மூட்டையாகக் கொண்டுவந்தார். வெட்டி வெட்டி எல்லா மூட்டுக்கும் வைத்தார். கெப்பின் இடுக்கெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் செருப்பு எட்டிப் பார்த்தது. கதவை அடித்தால் சத்தமே வராது. மூடிவிட்டதா இல்லையா என்று இறங்கிப் பார்க்க வேண்டும்.

போனஸில் முக்கால்வாசியை, பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய வானின் சீட்டுக்குக் கொடுத்தார். தலை சாய்க்க இடமுள்ள நல்ல சீட். "போகேக்க இடுப்பு நொந்தா அங்க போய் எப்பிடிப் படுப்பாள்?" என்றார். மிச்சத்துக்கு நுளம்பு வலையும் கெட்டியான திரைச்சீலையும். அவ்வளவுதான் செலவு.

மெத்தை இலவசம். கண்டெய்னருக்குள் பெட்டிகள் ஆடாமல் இருக்க, இடையில் திணித்துக் காற்றடிக்கிற தடித்த கடதாசிப் பைகள் உண்டு. சரக்கை இறக்கியதும் எறிந்துவிடுவார்கள். அதில் இரண்டைக் கொண்டுவந்து, டயர்க்கடையில் காற்றடித்து, கந்தோர் முற்றத்தில் போட்டார். "படுத்துப் பார்" என்று செல்வாவைக் கூப்பிட்டார். செல்வா எங்கள் கந்தோரில் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிற ஊழியர். அவன் மெதுவாகத்தான் சாய்ந்தான்.

டமார்!

அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் சத்தம் கேட்டால் முதலில் தரையில் விழுவோம், பிறகுதான் என்னவென்று விசாரிப்போம். யுத்தம் முடிந்தும் உடம்புக்கு அது தெரியவில்லை. தெருவே படுத்துவிட்டது. தேத்தண்ணிக் கடை முதலாளி அடுப்புக்குக் கீழே. மனேஜர் மேசைக்குக் கீழே. ஒரு த்ரீவீலர் ஆள் இல்லாமல் கொஞ்சத் தூரம் போய் மதிலில் நின்றது. நிமிர்ந்து நின்றவர் படங்கு அண்ணன் ஒருவர்தான்.

"காத்து கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். அடுத்த பைக்குக் காற்றைக் குறைத்தார். நான் இவரை வியக்கத் தொடங்கியது அன்றைக்கு.

புறப்படுகிற நாள் எங்களையும் ஏறச் சொன்னார். அன்பினால் அழைக்கிறார் என்று நினைத்துப் பலகாரம் வாங்கிக்கொண்டு போனோம்.

"கெப் வெறுமையா ஓடினா பின்பக்கம் துள்ளும். பாரம் இருந்தாத்தான் மெத்து மெத்தெண்டு போகும். மண் மூட்டைக்குக் காசு குடுக்கவேணும். நீங்க சும்மாதானே" என்றார். சொல்லும்போது அவருக்கு வெட்கமே இல்லை. ஏறினோம்.

தலவிலையில் அவர் செய்த ஏற்பாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தென்னைக்குக் கீழே கெப்பை நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்து, ஒரு பிளாஸ்டிக் போத்தலில் பாதி தண்ணீர் விட்டுச் சரிவு பார்த்து மட்டமாக்கினார். பெட்டிக்குள் மெத்தை, வலை, திரை. ஏறி இறங்கப் படி. அக்கா ஏறிப் படுத்தபோது ஒரு கிறீச் இல்லை. நாங்கள் இருவரும் மணலில் படங்குக்குக் கீழே கிடந்து, மூச்சைக்கூட அளந்து விட்டோம். செல்வா குறட்டை விடுவான் என்று அவனுடைய மூக்கில் உடுப்பு உலர்த்துகிற கிளிப்பைப் போட்டிருந்தார் அண்ணன்.

காலையில் அக்கா திரையை விலக்கினார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"ஒரு பொட்டு நித்திரை இல்ல" என்றார். "என்ன இடம் இது? ஒரு சத்தமும் இல்ல! நண்டு நடக்கிறது கேக்குது. இவர் எச்சில் விழுங்கிறது கேக்குது. ஒரு சத்தமும் வரேல்ல, எப்ப வரும், எப்ப வரும் எண்டு காத்துக்கொண்டே கிடந்தனான்."

படங்கு அண்ணன் மணலில் அப்படியே குந்திவிட்டார். கண்டெய்னர் பாதையில் இத்தனை வருஷம் கிடந்த காதுக்கு மௌனம் கட்டிக் கொடுத்த மனிதர், என்ன தவறு செய்தோம் என்று அப்போதுதான் யோசித்தார். வலையை மடித்தார். படியைக் கழற்றினார். கெப்பின் பக்கத்தை ஒருமுறை தடவினார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் பின்பெட்டியில் ஏறி, முன்சீட்டுக்குப் பின்னாலுள்ள கண்ணாடியோரம் ஒட்டி உட்கார்ந்தோம். அக்கா முன்சீட்டில் ஏறினார்.

சிலாபம் தாண்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் தலை சாய்ந்தது. இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, வான் சீட்டின் மூலையில் அடங்கியது. வாய் லேசாகத் திறந்தது.

செல்வா என்னை இடித்தான். "மச்சான்! அக்கா படுத்திட்டா!"

படங்கு அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். ஒரு விரலை உதட்டில் வைத்தார். மற்றக் கையால் மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினார். அப்போது சிலாபத்துக்கும் கொழும்புக்கும் இடையில் அவரைப் போல் வண்டி ஓட்டியவன் எவனும் இருந்திருக்கமாட்டான். குழியைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்தார். ஹோர்னைத் தொடவில்லை. மாடு குறுக்கே வந்தபோது ஜன்னலால் தலையை நீட்டி அதனிடம் கெஞ்சினார். நீர்கொழும்பில் சிவப்பு லைட்டில் நிற்கவேண்டி வந்தது. வண்டி நின்றதும் அக்காவின் புருவம் அசைந்தது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் புருவம் அடங்கியது. எங்களுக்கு விளங்கிவிட்டது. நின்றால் முடிந்தது.

கொட்டாஞ்சேனைக்கு வந்துசேர்ந்தபோது நாலு மணித்தியாலத்தில் பாதிதான் ஆகியிருந்தது. வீட்டு வாசல் வந்தது. வாசல் போனது. படங்கு அண்ணன் நிறுத்தவில்லை.

முகத்துவாரம் போனோம். மட்டக்குளி போனோம். திரும்பிக் கொட்டாஞ்சேனை வந்தோம். மீண்டும் முகத்துவாரம். உச்சி வெயில். படங்குக்குக் கீழே நாங்கள் இருவரும் அவிந்தோம். எனக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு நின்றது. காலையில் இளநீர் குடித்திருந்தேன். கண்ணாடியை மெல்லத் தட்டி, சிறுவிரலைக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து என்னைக் கும்பிட்டார். மனேஜரைக்கூடக் கும்பிடாத கை அது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பத் திரும்ப ஒரே கெப் வருவதைப் பார்த்து, முகத்துவாரத்தில் ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டி மறித்தார். படங்கு அண்ணன் வேகத்தைக் குறைத்தாரே தவிர நிற்கவில்லை. பொலிஸ்காரர் கூடவே நடந்தார்.

"எஞ்சிம நவத்தன்ன!" எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"ஹெமிட்ட சேர், ஹெமிட்ட" என்று கிசுகிசுத்தார் அண்ணன். "நோனா நிதி." மெதுவாகக் கதையுங்கள், மனுசி நித்திரை என்று அர்த்தம்.

பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். திறந்த வாயோடு அக்கா. பின்னால் அவிந்துபோன இரண்டு முகம். அவருக்கும் வீட்டில் ஒரு நோனா இருந்திருக்க வேண்டும். நடந்தபடியே தொப்பியைச் சரிசெய்து, தானும் கிசுகிசுத்தார்.

"ஹரி. யன்ன, யன்ன." சரி, போங்கள் என்று அர்த்தம்.

போனோம். அடுத்த சுற்றில் அவரே மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார்.

ஒருவழியாக நாலு மணித்தியாலம் ஆனது. செல்வா கண்ணாடியின் இடுக்கில் வாயை வைத்தான். "அண்ணே, முடிஞ்சுது! கெப் உங்கட! வீட்டடியில நிப்பாட்டுங்க, நாங்க சாகப் போறம்."

வீடு வந்தது. பக்கத்தில் திரும்பி அக்காவைப் பார்த்தார். வீடு போனது.

"அண்ணே!"

"கிடக்கட்டும்டா" என்றார், திரும்பாமலே. "எத்தினை வருசத்துக்குப் பிறகு படுக்கிறாள்."

டீசல் முள் சிவப்புக்கு இறங்கியது தெரிந்தது. பெற்றோல் ஷெட்டில் டீசல் அடிக்க வேண்டுமானால் எஞ்சினை நிறுத்த வேண்டும். அவர் ஷெட்டுகளைப் பார்க்காமலே கடந்தார். மட்டக்குளிப் பக்கம் போனபோது, மீன் ஏற்றக் காத்திருந்த அக்காவின் தம்பி வீட்டு வாசலில் நின்று எங்களுக்குக் கை காட்டினார். அண்ணனும் பெருந்தன்மையாகக் கை காட்டினார். வெயில் சாய்ந்து, கோயில் மணி அடித்து, பூசைக்குப் போன சனம் பூசை முடிந்து வந்தது. அக்கா அசையவில்லை.

வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கும்போது கெப் இருமியது. இன்னொரு இருமல். பிறகு ஒன்றுமில்லை. செருப்பு அடைத்த வண்டியல்லவா, சத்தமே இல்லாமல் உருண்டு நின்றது. அக்கா கண்ணைத் திறந்தார்.

"என்ன நிண்டிட்டுது? வீடு வந்திட்டுதா?"

"இந்தா வந்திட்டுது."

அக்கா வானத்தைப் பார்த்தார். "சிலாபத்தால வரேக்க காலமை. இப்ப பொழுது படுது. இவ்வளவு நேரம் என்ன செய்தனீங்க?"

படங்கு அண்ணன் சாவியைத் திருகிப் பார்த்தார்.

"டிரபிக் அக்கா" என்றான் செல்வா பின்னாலிருந்து.

"சரியான டிரபிக்" என்றேன் நானும்.

ஞாயிற்றுக்கிழமை. தெருவில் ஒரு நாய் நடுவில் படுத்துத் தன்னை நக்கிக்கொண்டிருந்தது. அக்கா நாயைப் பார்த்தார். டீசல் முள்ளைப் பார்த்தார். புருஷனின் சிவந்த கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பிக்கு நான் சொல்லுறன், வேற கெப் பாக்கச் சொல்லி. ஓட்டுக்கு வேற வழி பாப்பம்" என்றார். பிறகு சீட்டில் மறுபடி சாய்ந்தார். "நீங்க இறங்கித் தள்ளுங்க. நான் இன்னும் கொஞ்சம் கண்ணை மூடுறன்."

நான் ஒரு மதிலோரம் ஓடிப்போய்விட்டு வந்தேன். செல்வா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், படங்கு அண்ணன் ஜன்னலோரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. பசி, பகல் முழுக்க வெயிலில் காய்ந்த களைப்பு, இடுப்பு நோ. வேறு எவனாக இருந்தாலும் வண்டியோடு சேர்த்து ஏசிவிட்டுப் போயிருப்பேன்.

"மெல்ல, மெல்ல. முன்னால ஒரு பள்ளம் இருக்கு" என்று கிசுகிசுத்தார் அவர்.

மெல்லத்தான் தள்ளினோம்.